அகுஸ்தா பாட்டியின் மௌனம்

2015ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள், பெல்ஜியம் நாட்டில் பிரசல்ஸ் நகரை அடுத்த ஓரிடத்தில், 94 வயது மூதாட்டி ஒருவர் கண் மூடினார். பேரப்பிள்ளைகளைக் கண்டு களித்த பாட்டி. மருத்துவமனையில் நோயாளர்க்குப் பணி புரிந்த செவிலி. இவ்வளவே செய்தியாயின் வியப்பதற்கு ஏதுமில்லை. நம் பங்குகளிலும் அத்தகைய பாட்டிமார் உளர். ஆனால் அந்த மூதாட்டியின் உள்ளத்தில், ஒரு கிறிஸ்து பிறப்புத் திருவிழா இரவு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்தது.

அகுஸ்தா ஷிவி என்பது அவர் பெயர். அன்று பெல்ஜியத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததும், இன்று புருண்டி என்னும் தனி நாடாக விளங்குவதுமான ஆப்பிரிக்க மண்ணில் 1921இல் பிறந்தார். தந்தை, பெல்ஜியத்தின் பஸ்தோன் என்ற சிறு நகரத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர். தாய், ஆப்பிரிக்கப் பெண்மணி. ஒன்பதாம் வயதில் தந்தையின் ஊருக்கு வந்த அச்சிறுமி, வளர்ந்ததும் லூவேன் நகரில் செவிலியர் பயிற்சி பெற்று, அங்கேயே பணியில் அமர்ந்தார். உருவத்தில் மிகச் சிறியவர்; உயரம் ஐந்தடிக்கும் குறைவு.

1944ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், திருவிழாவைத் தந்தையோடு கொண்டாட விரும்பிப் பஸ்தோனுக்குப் புறப்பட்டார். அதே நாளில்தான் ஜெர்மன் படைகள் ஆர்டென் காடுகளின் வழியே தம் இறுதிப் பெருந்தாக்குதலைத் தொடங்கின. சில நாள்களுக்குள் நகரம் முற்றுகைக்குள்ளாயிற்று. உள்ளே அமெரிக்கப் படையினர், சுற்றிலும் பகைவர், எங்கும் உறைபனி.

அமெரிக்க இராணுவ மருத்துவர் ஜாக் பிரையர், தம் பொறுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட காயமுற்றோரை வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். அவர்களுள் முப்பதின்மர் நிலை மிக மோசம். அறுவைக் கருவிகள் இல்லை; மருந்தும் கட்டுத் துணியும் தீர்ந்துகொண்டிருந்தன; புண்கள் அழுகத் தொடங்கின. செவிலி ஒருவர் ஊரில் இருக்கிறார் என்று கேள்வியுற்ற அவர், அகுஸ்தாவின் வீடு தேடிச் சென்று உதவி வேண்டினார். அகுஸ்தாவுக்கு அப்போது வயது 23. போக மறுத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க இயலாது. அவர் போனார்.

அங்கே அவரை எதிர்கொண்டது குண்டு மட்டுமன்று. அமெரிக்கப் படையில் அந்நாளில் வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. குருதி ஒழுகக் கிடந்த நிலையிலும், கறுப்பினப் பெண்ணின் கை தம்மேல் படலாகாது என்று மறுத்தவர் உண்டு. "அவர் கையால் பிழைத்துக்கொள், வேண்டாமெனில் செத்துப் போ" என்னும் பொருள்பட மருத்துவர் கண்டித்துக் கூறியதாகச் சொல்வர். மரணத்தின் வாயிலிலும் மனிதன் சுமந்து செல்லும் செருக்கை என்னென்பது!

அவருடன் தொண்டாற்றிய மற்றொரு செவிலி, ரெனே லெமேர் என்ற உள்ளூர்ப் பெண். படுத்திருந்தோர்க்கு உணவூட்டுவதும், உடலைத் துடைத்து விடுவதும், இருந்த சில மாத்திரைகளைக் கொடுப்பதும் ரெனேயின் பணி. பச்சைக் காயங்களைக் கண்டு அவர் பின்வாங்குவார். பெருகும் குருதியை நிறுத்துவதும் முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவதும் அகுஸ்தாவின் பங்காயின. தம் உடைகள் குருதியில் தோய்ந்து போனதால், அமெரிக்கப் படைவீரரின் சீருடையை அணிந்துகொண்டு, குண்டு மழைக்கிடையே காயமுற்றோரைத் தூக்கி வரவும் சென்றார். நீ இவ்வளவு சிறியவளாக இருப்பதால்தான் குண்டு உன்மேல் படவில்லை என்று மருத்துவர் வேடிக்கையாகச் சொன்னாராம். வெண்பனியில் கறுத்த முகம் எளிய குறியாயிற்றே, ஜெர்மானியர்க்குச் சுடத் தெரியவில்லை போலும் என்று அகுஸ்தா விடையிறுத்தாராம்.

டிசம்பர் 24, திருவிழிப்பு இரவு. விமானத்திலிருந்து விழுந்த குண்டு, மருத்துவ நிலையத்தைத் தரைமட்டமாக்கியது. முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளர் மாண்டனர், ரெனேயும் மாண்டார். அடுத்த கட்டடத்திலிருந்த அகுஸ்தா, அதிர்ச்சியில் சுவரைப் பிளந்துகொண்டு தூக்கியெறியப்பட்டும் உயிர் பிழைத்தார். தம் மண உடைக்கு ஆகுமென்று ரெனே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தது, விமானத்திலிருந்து இறக்கப்படும் வெண்ணிறப் பாரசூட்டுத் துணி. அத்தகைய துணியிலேயே அவர் உடலைப் பொதிந்து, பெற்றோரிடம் கொண்டு சேர்த்தார் பிரையர். 26ஆம் நாள் முற்றுகை உடைந்தது.

அதன் பின்னர் அகுஸ்தா அந்த நாள்களைப் பற்றிப் பேசியது மிக அரிது. முதுகுத்தண்டு அடிபட்டோர்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையில் பணியாற்றினார். 1959இல் பெல்ஜியப் படைவீரர் ஒருவரை மணந்தார். இரு குழந்தைகளை வளர்த்தார். போர் வரலாறு எழுதியோர், அன்றிரவு அவரும் இறந்துவிட்டதாகவே கருதினர். பிரையர் 1972இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில்கூட அவர் 'காங்கோப் பெண்' என்றே வருகிறார், பெயரில்லை. எனினும் அந்த மருத்துவர் அவரை மறந்தாரில்லை. கடல் கடந்து கடிதங்களும், திருவிழாக் காலத்து இனிப்புகளும் இருவரிடையே சென்று வந்தன.

நம் இல்லத்து மூலையில் செபமாலையும் கையுமாக அமர்ந்திருக்கும் பாட்டியிடம், "மருந்து சாப்பிட்டீர்களா?" என்பதற்கு மேல் நாம் என்ன கேட்கிறோம்? பேறுகாலம் பார்த்த கைகள், வாந்திபேதிக் காலத்தில் வீடு வீடாகச் சென்ற கால்கள் நம்மிடையே எத்தனையோ! அவர்களாகச் சொல்லமாட்டார்கள். கேட்பதற்கும் ஒருவர் வேண்டுமே!

அகுஸ்தாவுக்கு அப்படி வாய்த்தவர், மார்ட்டின் கிங் என்ற ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர். பெயரறியாத அந்தச் செவிலி யார் என்று நெடுநாள் துருவித் தேடி, முதியோர் இல்லமொன்றில் அவரைக் கண்டுபிடித்தார். முதலில் அகுஸ்தா வாய் திறக்கவில்லை. கிங் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சென்றார். 2011 ஜூன் திங்களில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் ஆல்பர்ட்டின் பெயரால் அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் வழங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள், அமெரிக்க இராணுவத்தின் மனிதநேயப் பணி விருதைத் தூதுவர் நேரில் அளித்தார். தாம் செய்தது வழக்கமான செயலே என்றும், யாராயிருந்தாலும் அவ்வாறே செய்திருப்பேன் என்றும், நாம் எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்றும் அகுஸ்தா கூறினார். அப்போது அவருக்கு வயது 90. மருத்துவர் பிரையர் 2007இலேயே காலமாகியிருந்தார்.