பெட்டியைத் திறந்து பார்ப்போம்



படுவான்கரையில் நான் போய்வரும் மாதர் சங்கமொன்றில் பழைய கணனி ஒன்று இருக்கிறது. 2012 ஆம் ஆண்டு உதவி நிறுவனமொன்று தையல் மெசின்களோடு சேர்த்துக் கொடுத்தது. மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறக்கப்பட்டது. அதனால் அந்தப் பெட்டியைப் பழைய சேலையால் சுற்றி, பாதையில் ஏற்றி, வாவியைக் கடந்து கொண்டுவந்த கதையை அக்காமார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சங்கத்தின் கணக்குகளும், காணிக் கடிதங்களும், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக எழுதிய மனுக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆணைக்குழுக்கள் வந்தபோது அடித்தவை, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் ஓ.எம்.பி. அலுவலகம் உருவான பின்னர் அதற்கு அனுப்பியவை என எல்லாம் உண்டு. சில தாய்மாருக்கு மகனுடைய படம் அதில் மட்டும்தான் மிச்சம். வீட்டிலிருந்த படங்கள் இடப்பெயர்விலும் வெள்ளத்திலும் போய்விட்டன.

கடந்த வருடம் இந்தக் கணனி அடியோடு மந்தமாகிவிட்டது. இணையவழிக் கூட்டத்தில் சேர்ந்தால் முகம் உறைந்து நிற்கும், குரல் விட்டு விட்டுக் கேட்கும். கடையில் காட்டியபோது, "இது செத்த சாமான். புதுசு ஒன்று எடுங்க, தவணைக்குத் தரலாம்" என்றார்கள். கேட்ட விலையோ சங்கத்தின் மூன்று வருடச் சேமிப்பு. தவணை என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் மௌனமாகிவிட்டார்கள். நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்ற நாட்களை மறந்தவர்கள் அங்கு யாருமில்லை.

முடிவெடுக்க முன்னர் நோய் எங்கே என்று பார்ப்போம் என்றேன். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் கணனியின் எந்தப் பகுதி எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று திரையில் தெரியும். வன்தட்டு 100 வீதத்தில் நின்றால், அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போடுவதே முதல் மருந்து. ரம் நிறைந்திருந்தால் ரம்மைக் கூட்ட வேண்டும். எங்கள் கணனியில் இவ்விரண்டையும் முன்னரே மாற்றியிருந்தோம். கூட்டம் தொடங்கியதும் 100 வீதத்தில் ஏறி நின்றது புரொசசர்தான்.

புரொசசர் என்பது கணனியில் எல்லாக் கணக்கையும் செய்கின்ற சிறு சில்லு. எங்களுடையது இன்டெல் பென்டியம் ஜீ630. அதற்குள் வேலை செய்யும் கருக்கள் இரண்டு. நாங்கள் தேடியது கோர் ஐ5-2400. அதில் கருக்கள் நான்கு. இரண்டு பேர் நெல் குத்திய இடத்தில் நான்கு பேர் நிற்பது போல என்று அக்காமாருக்கு விளங்கப்படுத்தினேன்.

ஆனால், எந்தப் புரொசசரும் எந்தப் பலகையிலும் பொருந்தாது. மதர்போர்டிலுள்ள இருக்கையைச் சொக்கட் என்பார்கள். எங்களுடையது 1155 ஊசிகள் கொண்ட சொக்கட். 2 ஆம், 3 ஆம் தலைமுறைப் புரொசசர்கள் அதில் அமரும். ஆனாலும் எங்கள் பலகை பழையதாகையால், அதன் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்காமல் 3 ஆம் தலைமுறையை அது அடையாளம் காணாமல் போகலாம். அதனாலேயே 2 ஆம் தலைமுறையைத் தெரிவுசெய்தோம். ஆகவே, வாங்கப் போகுமுன் மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். இன்னுமொன்று: பழையது 65 வாற், புதியது 95 வாற். சூடு கூடும். ஆகவே அதற்கேற்ற விசிறியும் வேண்டும்.

மட்டக்களப்பு நகரில் பழைய கணனிகளைக் கழற்றி விற்கும் கடையொன்றில், பாவித்த புரொசசரும் விசிறியும் கிடைத்தன. இரண்டுக்கும் சேர்த்து, புதுக் கணனியின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. வேலை செய்யாவிட்டால் ஒரு மாதத்துக்குள் மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கினோம்.

அந்தச் சில்லின் முதுகில் மலேசியாவைக் குறிக்கும் எழுத்துகள் இருந்தன. இன்டெல் நிறுவனம் 1972 இல் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் நாள் முழுதும் நுணுக்குக்காட்டியில் கண் பதித்து, மயிரிலும் மெல்லிய கம்பிகளைப் பொருத்திய தொழில் அது. 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்துக்கு எங்கள் பிள்ளைகள் தையலுக்குப் போனதும் இதே கதைதான். கணனி ஆண்களின் சாமான் என்று சொல்பவர்களுக்கு இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

மாற்றும் வேலையைச் சங்கப் பொருளாளர் தங்கச்சியே செய்தார். தையல்காரி, கை நடுங்காது. நான் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். முதலில் எல்லாக் கோப்புகளையும் இரண்டு பென்ட்ரைவ்களில் பிரதி எடுத்தோம். கணனியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம். சூட்டில் பழைய பசை இளகும். மின்வயரைக் கழற்றி, பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கினோம். உள்ளே தூசியும் பல்லி முட்டையும் எறும்புக் கூடும் இருந்தன. மெல்லிய தூரிகையால் துடைத்தோம். வாவிக் காற்றின் உப்பு பட்டு ஆணிகள் சில துருப்பிடித்திருந்தன.

விசிறியை நேரே பிடுங்கக் கூடாது; மெல்ல அசைத்துத் திருகி எடுக்க வேண்டும். பழைய சில்லை எடுத்ததும் கீழே ஊசிகள் தெரியும். அவற்றில் விரல் படவே கூடாது. ஒன்று வளைந்தாலும் பலகை பழுதாகலாம். புதிய சில்லின் மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தையும் ஓரத்து வெட்டுகளையும் சொக்கட்டோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்து, நெம்பை மூடினோம். சில்லின் மேல் ஒரு பயறளவு தேமல் பேஸ்ட் வைத்து, விசிறியைப் பூட்டி, அதன் வயரையும் கொழுவினோம்.

கணனி எழும்பியது. எல்லோரும் கைதட்டினோம். சில நிமிடத்தில் தானாகவே நின்றது. மறுபடியும் போட்டோம், மறுபடியும் நின்றது. அறையில் சத்தமில்லை. 1990 இல் கொண்டுபோகப்பட்ட மகனைத் தேடும் அம்மா ஒருவர் அங்கே இருந்தார். "என்ட புள்ளைட படமும் போயிட்டா மகள்?" என்று கேட்டார். படங்கள் இருப்பது வேறு இடத்தில், புரொசசருக்குள் எதுவும் சேமிக்கப்படுவதில்லை என்று சொல்லி, பென்ட்ரைவை அவர் கையில் வைத்தேன். சொன்னேனே தவிர, எனக்கும் நெஞ்சு படபடத்தது.

தங்கச்சி மறுபடி பெட்டியைத் திறந்தார். விசிறிக்கு நான்கு கால்கள். அதில் ஒன்று சரியாகப் பூட்டுப்படாமல் தூக்கி நின்றது. விசிறி சில்லைத் தொடாத இடத்தில் சூடேறி, கணனி தன்னைக் காப்பாற்றவே நின்றிருக்கிறது. "நாலு காலும் ஊண்டாத கட்டில்ல ஆரு கா படுக்கிற?" என்றார் அந்த அம்மா. அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். பசையைத் துடைத்து, புதிதாக வைத்து, நான்கையும் 'டிக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தினோம். பிறகு அது நிற்கவில்லை.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். வின்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. வின்டோஸ் 11 பெரும்பாலும் 8 ஆம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் புரொசசர்களை ஏற்பதில்லை. எங்கள் பெட்டிக்கு அந்த வழி இல்லை. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டோம். பாமினி எழுத்துருவையும் அதில் சேர்த்தோம், பழைய மனுக்கள் அப்படியே திறக்கின்றன. பழகுவதற்கு அக்காமாருக்கு இரண்டு வாரம் எடுத்தது. இன்னும் சில வருடங்கள் இந்தப் பெட்டி உழைக்கும். அதற்குள் கடனின்றி ஒன்று வாங்கச் சேமிப்போம் என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் சங்கத்திலும் மூலையில் துணி போர்த்திய கணனி ஒன்று இருக்கக்கூடும். அது செத்துவிட்டதென்று யாராவது சொன்னால், எந்தப் பகுதி என்று கேளுங்கள். முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள். தவணைப் பத்திரத்தில் கையொப்பமிடும் முன்னர் பெட்டியைத் திறந்து பாருங்கள். தனியாகச் செய்யப் பயமென்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்திருந்து செய்யுங்கள்.

அந்த அம்மா போன வாரமும் வந்திருந்தார். மகனுடைய படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். உடனே திறந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.