தேறிவிட்டது என்று சொல்ல வேண்டியவர் யார்?

மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெறுபவர் தேறிவிட்டாரா என்பதை யார் சொல்வது? டாக்டரா, நோயாளியா? கோபர்கைரனே தமிழ்க் குடும்பங்களும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

இட்லி மாவு ஆட்டி விற்கும் ஒரு பெண்மணியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது, அழுகை நின்றுவிட்டது. 'நல்ல முன்னேற்றம்' என்று டாக்டர் எழுதுகிறார். அதில் தவறில்லை. ஆனால் ஊறப்போட்ட அரிசி ஆட்டப்படாமல் புளித்துப்போகிறது. வாடிக்கைக்காரர் கதவைத் தட்டினால் எழுந்து போக முடியவில்லை. அந்த அம்மாளின் கணக்கில் நோய் அப்படியே இருக்கிறது.

இரு கணக்கும் வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. 1960-ல் மாக்ஸ் ஹாமில்டன் வெளியிட்ட அளவுகோலில் மதிப்பெண் போடுபவர் டாக்டர். அதன் 17 அம்சங்களில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று. வேலைக்கும் அன்றாடக் காரியங்களுக்கும் சேர்த்து ஒன்றுதான். நோயாளியே நிரப்பும் பி.எச்.க்யூ-9 படிவத்தில், ஒன்பது கேள்விகளுக்குப் பின், தொழிலும் வீட்டு வேலையும் பிறரோடு பழகுவதும் எவ்வளவு கடினமாயின என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பதிலோ கூட்டுத்தொகையில் சேர்வதில்லை! உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹூடாஸ் 2.0' படிவம்தான், கடந்த 30 நாட்களில் அன்றாடக் காரியங்கள் எவ்வளவு சிரமமாயின என்பதையே முழுக்கக் கேட்கிறது.

அதற்காக நோயாளி சொல்வதே வேதவாக்கு என்றும் கொள்வதற்கில்லை. தன்னைத் தானே தாழ்த்தி எடைபோட வைப்பது இந்நோயின் குணம். பத்து வீட்டுக்கு மாவு கொடுத்தவரும் 'நான் எதற்கும் உதவாதவள்' என்பார். வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர் 'எல்லாம் சரி' என்று மறைப்பதும் உண்டு. ஆகவே இரண்டு கணக்கும் தேவை. அவை ஒத்துப்போகாத இடத்தில்தான் டாக்டர் நிதானமாக விசாரிக்க வேண்டும்.

மும்பைத் தமிழர்களுக்கு இன்னொரு சங்கடம் மொழி. டாக்டர் இந்தியில் கேட்பார்; பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பதில் சொல்லும். ஒரு மாதக் கஷ்டம் 'டீக் ஹை' என்பதோடு முடிந்துவிடும். பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் எதைத்தான் சொல்வாள்?

இதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. எத்தனை நாள் குளித்தோம், சமைத்தோம், வேலைக்குப் போனோம் என்று நோயாளி ஒரு தாளில் தமிழிலேயே குறித்துக்கொண்டு போகலாம். இந்தி தெரிந்த பெரியவர்களைத் துணைக்கு அனுப்பும் பொறுப்பைத் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் பேச முடியும்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "தூக்கம் வருகிறதா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இந்த வாரம் மாவு ஆட்டினீர்களா?" என்றும் கேளுங்கள். அந்தப் பதிலையும் கேஸ் பேப்பரில் எழுதுங்கள்.