படத்தின் சுமையைப் பார்ப்பவர் தலையில் ஏற்றாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், கொஞ்சம் கை பழகியவுடன் சொந்தமாக ஓர் இணைய தளம் அமைக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். வீட்டு விசேஷம், மாடித் தோட்டம், அம்மா நடத்தும் தையல் கடை என்று விஷயத்துக்கா பஞ்சம்? மொபைல் போனில் படம் எடுக்கிறார்கள். கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்கள். அப்படியே தளத்தில் அப்லோட் செய்துவிடுகிறார்கள். இந்த "அப்படியே" என்பதோடுதான் எனக்குச் சண்டை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 மெகாபிக்ஸெல் கேமரா எடுக்கும் படம் 4000 பிக்ஸெல் அகலமும் 3000 பிக்ஸெல் உயரமும் கொண்டது. பைல் அளவு 4 எம்பி என்று வைத்துக் கொள்வோம். ஒரு பக்கத்தில் பத்துப் படம் போட்டால் 40 எம்பி. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பைல் அளவு மெகாபைட்டில் சொல்லப்படுகிறது; இணைய வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே அந்தப் பக்கம் 320 மெகாபிட். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லிக் கொள்ள, 2023ல் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். அந்த வேகத்தில் உங்கள் பக்கம் முழுதாக வந்து சேர 160 நொடிகள் ஆகும். இரண்டே முக்கால் நிமிடம்! தையல் கடையின் ரவிக்கை டிசைனைப் பார்க்க வந்தவர் அவ்வளவு நேரம் காத்திருப்பாரா? அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். காத்திருந்தாலும், அவருடைய அன்றைய டேட்டாவில் 40 எம்பி உங்களால் காலி.

"நான் படத்தைச் சின்னதாக்கித்தானே போட்டிருக்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். எப்படி என்று கேட்டால், பக்கத்தை வடிவமைக்கும் புரோகிராமில் படத்தின் மூலையை மவுஸால் பிடித்து இழுத்துச் சுருக்கியதாகச் சொல்வார்கள். இதனால் படம் திரையில் சிறிதாகத் தெரியும். அவ்வளவுதான். பல புரோகிராம்களில் பைல் அதே 4 எம்பியாகவே இருக்கும். பிரவுசர் 4 எம்பியையும் இறக்கிக் கொண்டு, பிறகு சுருக்கிக் காட்டுகிறது. எச்.டி.எம்.எல்.லில் அகலம் 400 என்று எழுதினாலும் இதே கதைதான். வேர்ட்பிரஸ் போன்றவை தாமாகவே சில சிறிய காப்பிகளைத் தயார் செய்து வைக்கின்றன. 2019ல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, மிகப் பெரிய படங்களை 2560 பிக்ஸெல் அளவுக்குக் குறைத்தும் விடுகின்றன. அது உதவிதான். ஆனால் நாமே கையால் எழுதும் பக்கத்துக்கு அந்தக் காவல்காரர் கிடையாது.

டயல்அப் மோடம் காலத்தில் நமக்கு இந்த அக்கறை இருந்தது. நொடிக்கு 56 கிலோபிட் என்ற அதன் உச்ச வேகத்திலேயே 100 கேபி படம் வர 14 நொடிகளுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு கேபியையும் எண்ணித்தான் தளம் அமைத்தோம். இணைப்பு வேகமானது, பழக்கம் போய்விட்டது. நம் வீட்டில் பைபர் இணைப்பு இருப்பதால் நம் பக்கம் நமக்கு வேகமாகத்தான் தெரியும். பேருந்தில் உட்கார்ந்து, சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் போனில் பார்ப்பவருக்கு?

இதைச் சரி செய்ய போட்டோஷாப் வேண்டும் என்று நினைத்து, பலர் திருட்டுக் காப்பி தேடி அலைகிறார்கள். அதோடு வைரசும் வந்து சேர்கிறது. தேவையே இல்லை. விண்டோஸுடன் வரும் பெயிண்ட் புரோகிராமிலேயே படத்தின் பிக்ஸெல் அளவைக் குறைக்க முடியும். இன்னும் வசதியாகச் செய்ய, இர்பான்வியூ என் சிபாரிசு. 1996 முதல் இருந்து வரும் சிறிய புரோகிராம். பழைய கம்ப்யூட்டரிலும் திணறாமல் ஓடும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் பணம் கட்ட வேண்டும். எனவே தையல் கடைக்காரர்கள் ஜிம்ப் எடுத்துக் கொள்ளலாம். அதற்கு அந்த நிபந்தனை இல்லை.

இர்பான்வியூவில் படத்தைத் திறந்து கண்ட்ரோல் + ஆர் அழுத்துங்கள். அளவு கேட்கும் கட்டம் வரும். அகலம் 1200 என்று கொடுங்கள். உயரம் தானாகவே 900 ஆகிவிடும். சாதாரணப் பக்கத்துக்கு இது தாராளம். பிறகு பைல் மெனுவில் சேவ் அஸ் சென்று, ஜேபெக் தேர்ந்தெடுத்து, குவாலிட்டியை 80 அருகே வைத்து, வேறு பெயரில் சேமித்திடுங்கள். வேறு பெயர் என்பது முக்கியம். ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் படத்தின் நுணுக்கத்தில் கொஞ்சத்தைக் கழித்துவிடும், கழித்தது திரும்பாது. மூலப் படம் எப்போதும் தனி போல்டரில் பத்திரமாக இருக்கட்டும். நிறையப் படங்கள் இருந்தால் பி கீயை அழுத்துங்கள். மொத்தமாக மாற்றித் தரும் கட்டம் திறக்கும். நூறு படமானாலும் ஒரே வேலைதான்.

இப்படிச் செய்த படம், காட்சியைப் பொறுத்து 200 கேபி அளவில் வந்து நிற்கும். பத்துப் படம் 2 எம்பி. அதே 2 மெகாபிட் வேகத்தில் 8 நொடி. 160 எங்கே, 8 எங்கே!

ஜேபெக் புகைப்படத்துக்கு மட்டும்தான். நம் கண் வெளிச்ச மாறுதலைக் கூர்மையாகப் பார்க்கும். நிற மாறுதலை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. அந்தப் பலவீனத்தை வைத்துத்தான் ஜேபெக் பிழைக்கிறது. கடையின் லோகோ, எழுத்துள்ள ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை அதில் போட்டால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல் தெரியும். அவற்றுக்கு பிஎன்ஜி. புகைப்படத்தை பிஎன்ஜியில் சேமித்தாலோ பைல் பல மடங்கு ஊதிவிடும்.

கூகுள் 2010ல் வெளியிட்ட வெப்பி இன்னும் சிக்கனமானது. அதே தரத்துக்கு ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் வரை குறையும் என்பது கூகுளின் கணக்கு. 2020ல் ஆப்பிளின் சபாரியும் அதை ஏற்றுக் கொண்டதால், இன்று தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் 4000 பிக்ஸெல் படத்தை அப்படியே வெப்பி ஆக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. முதலில் பிக்ஸெலைக் குறையுங்கள். லாபத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

வெப்பிக்கு மாற்ற ஸ்குவூஷ் என்ற இலவச சேவை இருக்கிறது. கூகுள் குரோம் குழுவினர் 2018ல் வெளியிட்டது. பழைய படத்தையும் புதிய படத்தையும் நடுவில் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்; தரம் எங்கே கெடுகிறது என்று கண்ணாலேயே பார்த்து முடிவு செய்யலாம். மாற்றும் வேலை முழுவதும் உங்கள் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. படம் வெளியே போவதில்லை. பல இலவச தளங்களில் அப்படி அல்ல. படம் அவர்கள் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. குடும்பப் படங்களை அங்கெல்லாம் கொடுக்காதீர்கள்.

குடும்பப் படம் என்றதும் இன்னொன்று. போனில் லொகேஷன் ஆன் ஆக இருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் பைலுக்குள்ளேயே பதிந்திருக்கலாம். வீட்டு வாசலில் குழந்தையை நிற்க வைத்து எடுத்த படத்தை அப்படியே தளத்தில் ஏற்றினால், வீட்டு முகவரியையும் சேர்த்தே ஏற்றியதாகிவிடும். இர்பான்வியூவில் சேமிக்கும்போது வரும் கட்டத்தில், மூல எக்ஸிப் தகவலை வைத்துக் கொள்ளவா என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டுச் சேமித்திடுங்கள்.