உங்கள் அப்பாவைப் பற்றி நீங்களே எழுதுங்கள்

போன மாதம் ஒரு பழைய நண்பரின் கருமாதிக்குப் போயிருந்தேன். அலுவலகத்தில் 11 வருடம் எனக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவர். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது ஆளுக்கொரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். வழவழப்பான தாள், அட்டையில் அவர் படம், உள்ளே நான்கு பக்கத்துக்கு அவருடைய வாழ்க்கை வரலாறு.

பந்தலிலேயே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அன்பின் இலக்கணம், நேர்மையின் மறுபெயர், குடும்பத்துக்கு ஓர் ஆலமரம் என்று போய்க்கொண்டே இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. என் நண்பரும் அதில் இல்லை.

வாசல் வரை வந்த அவர் மகன், "நல்லா இருக்கா அங்கிள்? ஏஐ எழுதிக் குடுத்துச்சு. ரெண்டே நிமிஷம்" என்றான்.

அந்த இடத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். அவனைத் திட்டுவதற்காக அல்ல. 16 நாளும் சடங்கு, சமையல், பந்தல், சொந்தக்காரர் என்று அலைந்த பிள்ளை அவன். ஆனால் "ரெண்டே நிமிஷம்" என்பது பெருமையாகச் சொல்லக்கூடிய விஷயம் என்று அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். என் சண்டை அதோடுதான்.

கிழவனுக்குத் தொழில்நுட்பம் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். ரெமிங்டன் தட்டச்சில் விரல் தேய்ந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு கணினி வாங்கினேன். எழுத்துரு மாறியதில் என் பழைய கோப்புகள் எல்லாம் கட்டம் கட்டமாகிப் போயின. யூனிகோடுக்கு மாறி மறுபடி முதலிலிருந்து அடித்தேன். என் மனைவிக்கு இப்போது கண் மங்கல். அவள் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. "ரசம்" என்றால் சில நாள் "ரகசியம்" என்று எழுதுகிறது. இருந்தாலும் அது அவள் எழுத்துதான். சந்திப் பிழை பார்க்க, பெரிதாக்கிப் படிக்க, மொழிபெயர்க்க இயந்திரம் உதவட்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா?

ஆனால் அந்த நான்கு பக்கம் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடப் பழகிய இயந்திரம் அது. பையன் அதனிடம் கொடுத்தது அப்பாவின் பெயர், வயது, உத்தியோகம், "ரொம்ப நல்லவர்" என்ற ஒரு வரி. அவ்வளவைக் கொடுத்தால், இறந்துபோன தகப்பன்மார்களைப் பற்றி ஊரில் எல்லோரும் எழுதுவது எதுவோ அதைத்தான் அது கொடுக்கும். அதன் மேல் தப்பில்லை. அதற்கு அவரைத் தெரியாது.

இந்த மாதிரி எழுத்து எனக்கு மிகவும் பழக்கம். 34 வருடம் நான் செய்த வேலையே அதுதான். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது எனத் தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்." பணித்தது யார்? பரிசீலிப்பது யார்? யாரும் இல்லை. பழைய கோப்பை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி, கடிதத்தைத் தயார் செய்வேன். மனு போட்டவரின் முகம்கூடத் தெரியாது. நானே ஒரு காலத்தில் அந்த இயந்திரம்தான், சம்பளம் வாங்கிய இயந்திரம். அரசாங்கக் கடிதம் அப்படித்தான் இருக்க வேண்டும். அதில் "நான்" வரக்கூடாது. ஆனால் அப்பாவின் கருமாதிப் புத்தகமும் அப்படியே இருந்தால், செத்த பிறகும் மனுஷன் ஒரு கோப்பாகத்தானே போகிறார்?

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பாடம் எல்லாம் பிரெஞ்சில். டிக்தே என்றால் பிழைக்குப் பிழை மார்க் குறையும். அதனால் பிழைக்கு நடுங்கிய பிள்ளைகள் நாங்கள். ஒருமுறை வீட்டுப் பிராணி ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார் எங்கள் முசே. நான் பாடப் புத்தகத்தில் இருந்த பூனையை அப்படியே இறக்கி வைத்தேன். ஒரு பிழை கிடையாது. 20க்கு 4 போட்டு, "இது யார் வீட்டுப் பூனை?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. பக்கத்து வீட்டு ஆடு எங்கள் கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டையைத் தின்றதை மறுவாரம் எழுதிக் கொடுத்தேன். தாள் முழுக்கச் சிவப்பு மை. ஆனால் மார்க் 12. அந்த வகுப்பில் நான் கற்றது பிரெஞ்சு மட்டும் அல்ல.

புதுச்சேரிக்காரனுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறார். துய்ப்ளேக்சின் துபாஷ். பணக்காரர், செல்வாக்கு உள்ளவர். புலவர்கள் சும்மா இருப்பார்களா? அவரைப் பாடித் தமிழில் ஆனந்தரங்கன் கோவை வந்தது. சமஸ்கிருதத்தில் ஆனந்தரங்க விஜய சம்பு வந்தது. வேண்டிய புகழ் எல்லாம் ஆள் வைத்தே கிடைத்தது.

ஆனாலும் மனிதர் 1736 முதல் சாகும் வரை, 25 வருடம், தன் நாட்குறிப்பைத் தன் தமிழிலேயே எழுதினார். இலக்கணத் தமிழ்கூட அல்ல, அன்றைக்குப் பேசிய தமிழ். எந்தக் கப்பல் வந்தது, குவர்னர் என்ன சொன்னார், தான் என்ன பதில் சொன்னேன், குவர்னரின் மனைவியோடு என்ன மனஸ்தாபம், 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் எப்படி இடிக்கப்பட்டது, எல்லாம் அதில் உண்டு. அவர் இறந்தது 1761இல். ஏறக்குறைய 85 வருடம் கழித்து, 1846இல், கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதை வெளியே கொண்டுவந்தார். பிறகு சென்னையில் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அச்சானது. இன்று அந்தக் காலத்தைப் படிக்க நினைப்பவன் முதலில் கைநீட்டுவது கோவைக்கும் சம்புவுக்கும் அல்ல, இந்த நாட்குறிப்புக்குத்தான். புலவர்கள் திறமை இல்லாதவர்களா? இல்லை. அவர்கள் எழுதிய புகழ், பெயரை மாற்றினால் இன்னொரு பிரபுவுக்கும் பொருந்தும். நாட்குறிப்பு பொருந்தாது.

"அவர் ரங்கப்பிள்ளை, நாங்கள் யார் எழுதுவதற்கு?" என்பார்கள் சிலர். உங்கள் பேரப்பிள்ளைக்கு நீங்கள்தான் ரங்கப்பிள்ளை.

"எனக்கு எழுத வராது" என்பார்கள் வேறு சிலர். வராவிட்டால் என்ன செய்வீர்கள்? நாலு பேரைக் கேட்பீர்கள். அந்தக் கேட்பதுதான் முக்கியம். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்ததால் அந்தப் பிள்ளை யாரையும் கேட்கவில்லை. பந்தலில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம், அவன் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள். ஒருவரிடமும் ஒரு கேள்வி இல்லை.

கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதிய மனுவில் ஒரு தாளில் கைநாட்டு விட்டுப்போயிருந்தது. ஆட்சேபணைக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவதுதான் முறை. அனுப்பினால் இன்னும் மூன்று மாதம் ஆகும். என் நண்பர் அன்று மாலை மை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பாகூர் வரை சைக்கிளில் போனார். போக வர 40 கிலோமீட்டருக்குக் குறையாது. அந்த சைக்கிளுக்கு மணி கிடையாது. "ஓரம், ஓரம்" என்று வாயாலேயே சொல்லிக்கொண்டு போவார். மறுநாள் காலை ஒன்றும் நடக்காதது போல அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்தார். எனக்கு மட்டும்தான் தெரியும். விதிப்படி அது தப்பு என்பதால் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். இத்தனை வருடம் சொல்லவில்லை.

நான் போயிருந்தால் இதுவும் என்னோடு போயிருக்கும். "நேர்மையின் மறுபெயர்" மட்டும் அச்சில் நின்றிருக்கும்.

போன வாரம் இதைக் கையால் இரண்டு பக்கம் எழுதி, அவன் வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். திரும்பவும் படித்தான். "இது எனக்குத் தெரியாதே அங்கிள்" என்றான். பிறகு உள்ளே கூப்பிட்டு அவன் அம்மாவிடம் கொடுத்தான். அம்மா படித்துவிட்டு, "அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு வந்தாரு. எங்க போனீங்கன்னு கேட்டேன், சொல்லவே இல்ல" என்றார்.

நேற்று போன் செய்தான். மற்ற ஐந்து பேருடைய நம்பரையும் வாங்கிக்கொண்டான்.

உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தால் இன்னும் வசதி. பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். பத்து வரி எழுதுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும்.