உளூ நீர் சாக்கடைக்கு, கீரை சந்தையிலிருந்து



ஒரு முஸ்லிம் மரம் நட்டாலோ பயிரிட்டாலோ, அதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்பது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்னும் நபிமொழியை அறியாதவர் நம் மஹல்லாக்களில் இரார். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. மிம்பரில் கூறுகிறோம், சுற்றுச்சூழல் தினம் வந்தால் பச்சை நிறப் பின்னணியிட்டு வாட்ஸ்அப்பில் பகிர்கிறோம். பிறகு மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தால் அங்கே இருப்பவை தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆண்டெனா, துணிக் கொடி. ஒரு புதினாத் தண்டுகூட இல்லை.

“இடம் எங்கே ஹஜ்ரத்?” என்று கேட்கின்றனர். ஓசூரில் வாடகை வீடு, சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, மேல்மாடி வீட்டுக்காரருடையது. இவை பொய்யல்ல. எனினும் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். மதீனாவில் ஒரு மூதாட்டி தம் வயலின் வாய்க்கால் ஓரத்தில் ‘ஸில்க்’ என்னும் பீட்ரூட் இனத்துக் கீரையை வளர்த்து வந்தார். வெள்ளிக்கிழமைகளில் அதன் வேர்களைப் பிடுங்கிச் சட்டியிலிட்டு, ஒரு கைப்பிடி வாற்கோதுமை மாவும் சேர்த்துச் சமைப்பார். ஜுமுஆ முடிந்ததும் ஸஹாபாக்கள் அவரிடம் சென்று ஸலாம் கூறுவர். அவர் அதனைப் பரிமாறுவார். இறைச்சி கிடையாது, அந்த வேரே இறைச்சிக்கு ஈடு. அந்த உணவுக்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருந்ததாக ஸஹ்ல் (ரலி) கூறுகிறார்கள். புகாரியில் ஜுமுஆவுடைய பாடத்திலேயே இது உள்ளது. அம்மூதாட்டியின் பெயர்கூட அதில் இல்லை. அவருடைய கீரை மட்டும் பதினான்கு நூற்றாண்டுகளாக ஓதப்படுகிறது. வாய்க்கால் ஓரம் என்பது வயலில் வீணாகக் கிடக்கும் இடம். நம் மாடிப் படிக்கட்டின் ஓரமும் அத்தகையதே.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ், பயிரிடுவது விவசாயியின் வேலை, நமக்கேன் இது என்று தவக்குல் பேசுவோரும் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது இவர்களின் தவக்குலை நாம் கடைவீதியில் கண்டோம். இராயக்கோட்டைச் சந்தையின் மாவட்டத்திலேயே தக்காளிக்குப் புலம்பினோம்! நம் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரில் ‘பையூர் 1’ என்னும் தக்காளி இரகமே இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

ஹைதர் அலியையும் திப்பு சுல்தானையும் பற்றி மேடைகளில் முழங்குகிறோம். வாளைப் பற்றிப் பேசுகிறோம், ஏவுகணையைப் பற்றிப் பேசுகிறோம். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் லால்பாக்கை 1760-இல் தொடங்கியவர் ஹைதர் அலி என்பதும், தந்தைக்குப் பின் மகன் அதனை விரிவாக்கினார் என்பதும் நம் சொற்பொழிவுகளில் வருவதில்லை. தோட்டத்தைக் கூறினால் கைதட்டல் கிடைக்காது போலும்.

இவையெல்லாம் வீடுகளைப் பற்றியவை. நம் உண்மையான மனக்குறை பள்ளிவாசல்களைப் பற்றியது.

எங்கள் மதரஸா மாணவர்கள் சென்ற ஆண்டு ஒரு பள்ளிவாசலின் மாடியில் இருபது பைகளில் சிறுகீரையும் கொத்தமல்லியும் வெண்டையும் வளர்த்தனர். உளூச் செய்யுமிடத்தின் கழிவுநீரை வாளிகளில் பிடித்து மேலே சுமந்து ஊற்றினர். முதல் சிறுகீரை 25 நாட்களில் அறுவடையாயிற்று. இரண்டாம் மாதத்தில், தரை கறைபடுகிறது, பார்வைக்கு நன்றாக இல்லை என்று கூறி நிர்வாகத்தினர் பைகளை அகற்றச் செய்தனர். நம் பக்கமும் பிழை உண்டு. வெறும் செம்மண்ணை நிரப்பியதால் பைகள் பெருஞ்சுமையாயின. அடியில் தட்டு வைக்காததால் நீர் கசிந்து சுவரில் இறங்கியது. பிறருக்குத் தீங்கிழைக்காதிருத்தல் மார்க்கத்தின் அடிப்படை விதி. வீட்டுக்காரரின் கூரைக்கும் அது பொருந்தும். ஆனால் கசிவுக்குத் தீர்வு தட்டு வைப்பதா, செடியைப் பிடுங்குவதா?

அந்த நீர் இப்போது சாக்கடைக்குச் செல்கிறது. எத்தகைய மாவட்டத்தில் என்பதை எண்ணிப் பாருங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரை ஏற்றிக்கொண்டுவந்து குடிக்கிறோம். தென்பெண்ணையில் பெங்களூரின் கழிவு கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைச் செய்திகளில் கண்டு பெருமூச்சு விடுகிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான செய்தி. ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஹனஃபி கணக்கில் சற்றுக் கூடுதல். குழாயைத் திறந்துவிட்டு உரையாடியபடி உளூச் செய்யும் நாம் மூன்று லிட்டரேனும் செலவிடுகிறோம். ஒரு வக்துக்கு நூறு பேர் எனில் 300 லிட்டர். நடுத்தரப் பை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் முதல் இரண்டு லிட்டர் வரை போதும். ஒரே வக்தின் நீர் நூற்றைம்பது பைகளுக்குக் காணும். அதிலும் ஹவுள் நீரில் சோப்பு கலப்பதில்லை. வீட்டுக் கழிவுநீரைவிடச் செடிக்கு அது நல்லது.

“உளூச் செய்த நீர் ஆயிற்றே, கூடுமா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். தாராளமாகக் கூடும். ஒருமுறை உளூவுக்குப் பயன்பட்ட நீரால் மறுமுறை உளூச் செய்ய இயலாது; ஆயினும் அந்நீர் தன்னளவில் தூய்மையானது. ஷாஃபிஈ மத்ஹபின் நிலையும், ஹனஃபி மத்ஹபில் ஃபத்வா வழங்கப்படும் கருத்தும் இதுவே. தொழு உரம் இட்டால் கீரை நஜீஸ் ஆகிவிடுமா என்றும் கேட்கின்றனர். ஆகாது. சாணம் பட்ட இலையைக் கழுவி உண்ணலாம்.

மறுபுறம், ஆர்வமிகுதியால் பத்தாயிரம் ரூபாய்க்கு வண்ணத் தொட்டிகளும் இரும்புத் தாங்கிகளும் வாங்கிப் படமெடுத்துப் போட்டு, கோடையில் காயவிடும் சகோதரர்களையும் நாம் அறிவோம். அது தோட்டமன்று, இஸ்ராஃப். பழைய அரிசிச் சாக்கும் பெயிண்ட் வாளியும் கீரைக்குப் போதும். பெயிண்ட் வாளியை நன்கு கழுவி, அடியில் நான்கைந்து துளைகள் இட வேண்டும். செம்மண், அலசிப் பிழிந்த தென்னை நார்க்கழிவு, மட்கிய எரு மூன்றும் சம அளவு கலந்தால் சுமை பெரிதும் குறையும். செங்கல் அடுக்கி மேட்டுப்பாத்தி அமைப்பதாயின் தரையில் அமையுங்கள், மாடியில் வேண்டாம். தோட்டக்கலைத் துறை மானியத்தில் வழங்கும் மாடித்தோட்டத் தளைகளையும் கேட்டுப் பெறலாம். ஓசூர் வாசிகளுக்கு ஓர் எச்சரிக்கை: பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற டிரம்கள் பல தொழிற்சாலைகளில் இரசாயனம் அடைத்து வந்தவை. அவற்றில் உண்ணும் செடியை வளர்க்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், சென்னைவாசிகள் ஏங்கும் தட்பவெப்பத்தை அல்லாஹ் நமக்கு அளித்துள்ளான். கேரட்டும் பீட்ரூட்டும் பீன்ஸும் இங்கே பையிலேயே விளையும்.

உம்மு முபஷ்ஷிர் (ரலி) என்னும் அன்ஸாரிப் பெண்மணியின் பேரீச்சந்தோட்டத்துக்கு நபி (ஸல்) அவர்கள் வந்தபோது, இதனை நட்டவர் யார் என்றே வினவினார்கள்; அதனையொட்டியே நடுவதன் நன்மையைக் கூறினார்கள் என முஸ்லிமில் காண்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் ஒரு பை மண் கேட்டால், “உனக்கு வேறு வேலையில்லையா?” என்று அதட்டும் கணவன்மார்கள் அந்தப் பாடத்தை ஒருமுறை வாசிக்கட்டும்.

அகற்றப்பட்ட இருபது பைகளில் ஏழு, மாணவர்களின் வீடுகளில் இருக்கின்றன. ஒரு மாணவரின் தாயார் சென்ற வாரம் நமக்கு ஒரு கட்டு சிறுகீரை கொடுத்தனுப்பினார். நிர்வாகத்துக்கு நாம் மீண்டும் ஒரு கடிதம் அளித்துள்ளோம். மாடியைக் கேட்கவில்லை. உளூச் செய்யுமிடத்திலிருந்து பின்புறக் காலி நிலம் வரை இருபது அடிக் குழாய் மட்டுமே கேட்டிருக்கிறோம். செலவை நாமே ஏற்பதாகவும் எழுதியுள்ளோம். வரும் ஜுமுஆவுக்குப் பின் கூட்டம். அந்த மஹல்லாவாசிகள் இதனை வாசிப்பீர்களாயின், தொழுதவுடன் புறப்பட்டுவிடாமல் கூட்டத்தில் அமருங்கள்.