திரையில் ஒரு வரிசை, பென் டிரைவில் வேறு வரிசை

ஒரு சொற்பொழிவின் 30 பகுதிகளையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு நெடும்பயணம் கிளம்புகிறார் ஒருவர். கணினித் திரையில் 1, 2, 3 என்று ஒழுங்காகத்தான் இருந்தன. காரில் செருகியதும் முதலில் ஒலிப்பது 17-ஆம் பகுதி. கார் ஸ்டீரியோவில் கோளாறு என்றே அவர் நினைப்பார். ஆனால், வரிசை குலைந்தது வீட்டிலேயே, கோப்புகளை நகலெடுத்தபோது.

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பல கோப்புகளைத் தேர்ந்தெடுத்து இழுக்கும்போது, மவுஸ் எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறதோ அது பட்டியலின் தொடக்கத்துக்குப் போய்விடும். 30 கோப்புகளையும் தேர்ந்தெடுத்துவிட்டு, கைக்கு வாகாக இருக்கிறதென்று நடுவிலுள்ள 17-ஐப் பிடித்து இழுத்தால், முதலில் நகலாவது 17. மொத்தமாகப் பெயர் மாற்றும்போதும் இதே விதிதான். கடைசியாக எந்தக் கோப்பில் கை வைத்தோமோ அதற்கே எண் 1 கிடைக்கும். இதை அந்த மென்பொருள் எங்கும் சொல்வதில்லை.

பல பென் டிரைவுகளில் இருப்பது ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பு. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் அளவுள்ள பதிவுகள் உண்டு. வந்து சேர்ந்த வரிசையிலேயே அவை எழுதப்படும். அகரவரிசை அங்கே கிடையாது. விலை குறைந்த எம்பி3 பிளேயர்களும் பல கார் ஸ்டீரியோக்களும் அந்தப் பதிவுகளை மேலிருந்து கீழாக அப்படியே வாசிக்கின்றன. முதலில் நகலானதே முதலில் பாடும். தவறாக விழுந்த ஒரு கோப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் நிலைமை சீராகாது. அழித்த பதிவின் இடம் காலி என்று குறிக்கப்படும்; அடுத்து வரும் கோப்பு அந்த இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

ஃபோல்டரோடு சேர்த்து நகலெடுத்தால் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல், எக்ஸ்ப்ளோரர் எண்களை மனிதர்களைப்போலவே எண்ணிக் காட்டுகிறது: 2-க்குப் பிறகு 3, 9-க்குப் பிறகு 10. ஆனால் கணினியின் வட்டில் உள்ள என்டிஎஃப்எஸ் அமைப்பு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு 1, 10, 11, 2 என்றே பெயர்களைக் கொடுக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 அமைப்பிலோ, பெயரிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணின்படி பட்டியல் வரும்; பார்ப்பவருக்கு அது சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல இருக்கும். கிடைத்த பட்டியலை அடுக்காமல் நகலெடுக்கும் மென்பொருள் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே நகலெடுக்கிறது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. யுனிகோடு அட்டவணையில் 'ன' எழுத்து 'ந'வை அடுத்தே நிற்கிறது. நம் அகராதியில் அது மெய்வரிசையின் கடைசி. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் 'கனவு' முன்னால் வரும், 'கவிதை' பின்னால் போகும். பள்ளிப் பிள்ளைகூட இதைத் தவறென்று சொல்லும்.

கோப்பு அமைப்பை எழுதியவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஃபோல்டருக்கு வரிசை என்று எதுவும் கிடையாது, இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரமும் அப்படி எந்த உறுதியும் தரவில்லை, பெயரை அடுக்கிப் பாட வேண்டியது பிளேயரின் வேலை என்பார்கள். சரிதான். ஆனால் பத்து வருடத்துக்கு முன் வாங்கிய காரின் ஸ்டீரியோவை யார் போய்த் திருத்துவது? கணினியில் உள்ள மென்பொருளை ஓர் அப்டேட்டில் திருத்திவிடலாம். ஆயிரம் பெயர்களை அடுக்க இன்றைய கணினிக்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. இதற்காகவே லினக்ஸில் ஃபேட்சார்ட் என்றொரு தனிக் கருவி இருக்கிறது. நகலெடுத்த பிறகு பதிவுகளை வரிசைப்படுத்துவதுதான் அதன் வேலை. முதலிலேயே செய்திருக்க வேண்டியதைப் பிறகு செய்ய ஒரு கருவி தேவைப்படுகிறது என்பதே குறையைக் காட்டுகிறது.

பாட்டு கேட்பவர்களுக்கு மட்டுமான விஷயமும் அல்ல இது. பென் டிரைவ் நிரம்பி நகல் பாதியில் நின்றுவிட்டால், வரிசையாகப் போயிருந்தால் எங்கே விட்டோம் என்று ஒரே பார்வையில் தெரியும். இல்லையென்றால் நூற்றுக்கணக்கான புகைப்படங்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். விண்டோஸில் நகலெடுத்த கோப்புக்கு 'உருவான நேரம்' புதிதாகவே பதிவாகும். அந்த நேரப்படி அடுக்கிப் பார்ப்பவருக்குக் கிடைப்பதும் நகலெடுத்த வரிசையே.

எனவே கேட்பது இவ்வளவுதான்: பயனர் திரையில் எந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறாரோ, அதே வரிசையில் நகலெடுக்க வேண்டும், ஃபோல்டர்களுக்கு உள்ளேயும் அப்படியே. அதுவரை, பெயருக்கு முன் 001, 002 என்று பூஜ்யத்தோடு எண் போட்டு, காலியான பென் டிரைவில், முதல் கோப்பைப் பிடித்து இழுப்பதுதான் வழி.