சுமந்தவர் கண்ணுக்குத் தெரிவது

கொழுந்து நிறுக்கும் இடத்தில் இதைக் கவனித்திருப்பீர்கள். மேட்டிலிருந்து ஒருவர் கூடையோடு இறங்கி வருகிறார். தராசில் போடுமுன்னே, "20 கிலோவுக்குக் குறையாது" என்கிறார் வரிசையில் நிற்கும் அக்கா. அநேகமாகச் சரியாக இருக்கும். அவர் கூடையைப் பார்க்கவில்லை. கழுத்தையும் கால் வைக்கும் விதத்தையும் பார்த்தார்.

இதை ஆய்வாளர்களும் சோதித்திருக்கிறார்கள். சுவீடனைச் சேர்ந்த ரூனெசன், ஃப்ரிகோல்ம் இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், பெட்டி தூக்குபவர்களின் மூட்டுகளில் ஒட்டிய ஒளிப்புள்ளிகள் மட்டுமே படத்தில் தெரிந்தன. அந்தப் புள்ளிகளின் அசைவை வைத்தே பார்த்தவர்கள் பாரத்தை மதிப்பிட்டார்கள்.

இன்னொன்று. ஒரு சதுரம் நகர்ந்து வந்து மற்றொன்றைத் தொடுகிறது, அது நகர்கிறது. வெறும் படந்தான். ஆனால் பார்ப்பவர் "இது அதைத் தள்ளியது" என்கிறார். பெல்ஜியத்து மிஷோத் 1946இல் எழுதிய புத்தகம் இதைப் பற்றியது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டாவதும் முதலாவதை அதே விசையோடு திருப்பித் தள்ளுகிறது. பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கிறோம், ஆனால் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஏன்? நாம் தள்ளும்போது நம் உடம்பு உணர்ந்த முயற்சியைத்தான் கண் மற்றப் பொருள்களிலும் காண்கிறது என்கிறார் பிரித்தானிய உளவியலாளர் பீட்டர் வைட். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்பதில்லை. கூடை சுமந்த நமக்கு இது புதினமில்லை.

நமக்கு இது முக்கியமாவது விபத்து அறிக்கையில். மகியங்கனை வீதியில் பஸ்ஸில் போகிறவருக்கு ஹுன்னஸ்கிரிய மலைகள் பச்சைக் கம்பளம். மழை நாளில் அங்கே ஒருவர் விழுந்தால், "கவனயீனத்தால் வழுக்கி விழுந்தார்" என்று ஒரு வரி எழுதப்படுகிறது. எழுதியவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்டது ஒரு கால் வழுக்கியதை. தலைக்கயிறு பின்னுக்கு இழுத்ததையும், ஈரக் கொழுந்தின் பாரம் பள்ளத்துப் பக்கம் சாய்த்ததையும், பிடிக்கக் கையோ கல்லோ இல்லாததையும் அவர் காணவில்லை. அந்தப் பாரத்தை அவர் உடம்பு ஒருநாளும் அறிந்ததில்லை. காரணம் முழுவதும் விழுந்தவர் தலையில் போய்விடுகிறது.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், வேலையின்போது வேலையால் நேர்ந்த விபத்துக்கே நட்டஈடு தருகிறது. அப்படியானால் பாரமும் பாதையும் மழையும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

எனவே தோட்டக் கமிட்டிகள் ஒன்று செய்யட்டும். விபத்து நடந்த அன்றே, அதே மலையில் கொழுந்தெடுத்த இருவரின் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி வாங்குங்கள். கூடையில் எவ்வளவு இருந்தது, ஏறும்போதா இறங்கும்போதா, படி வெட்டியிருந்ததா, எத்தனை நாள் மழை என்று கேளுங்கள். பிரதி ஒன்று கமிட்டியிடம் இருக்கட்டும். தோட்டத்துப் படிவத்தில் இதற்கு இடமில்லை என்றால், பின்பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வையுங்கள்.